வேண்டாத வீடியோ பிளேயரை நீக்குதல்: ஆரணியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆரணியில் சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஜக்கார்டு அட்டையில் துளைகளாக்கித் தறியில் ஏற்றுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு மாங்காயும் அன்னமும் யாளியும் தெரிந்தால் போதும். ஆனாலும் அதில் வீடியோ பிளேயர்கள் நான்கைந்து குடியிருக்கும். எப்படி வந்தன என்று கேட்டால் உரிமையாளர் மகனைக் கைகாட்டுவார். மகன், "அதுவா வந்துச்சு" என்பான். இரு கூற்றுகளையும் ஒப்புநோக்கிய இவ்வாய்வாளர், இரண்டும் மெய்யே எனக் காண்கிறார். கல்யாண சி.டி. பார்க்க ஒன்றைப் பையன் இறக்கியிருப்பான். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கிய வேகத்தில் மற்றவை கூடவே ஏறியிருக்கும்.

நீக்குவதில் இரு மரபுகள் உண்டு. பாமர மரபினர் திரையிலுள்ள ஐகானை ரீசைக்கிள் பின்னுக்குள் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பிளேயருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. செவ்வியல் மரபினர் கன்ட்ரோல் பேனலுக்குப் போய் 'அன்இன்ஸ்டால்' கொடுப்பார்கள். நிஜமாகவே நீக்கவா என்று அது கேட்கும். ஏன் என்று காரணம் கேட்கும். ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். அத்தனைக்குப் பிறகும் ரெஜிஸ்ட்ரியில் சில வரிகள், ஆப்டேட்டாவில் ஒரு ஃபோல்டர் மிஞ்சும்.

இதைக் குறை என்று கருதியிருந்த இவ்வாய்வாளரைத் திருத்தியவர் ஒரு நெசவாளர். "பாவு முடிஞ்சாலும் அச்சுல பழைய நூல் நுனி நிக்கும் சார். அதோடதான் புதுப் பாவைப் பிணைப்போம். மொத்தமா உருவிட்டா ஒவ்வொரு இழையா மறுபடி கோக்கணும், யாரால ஆகும்?" பிளேயர் செய்தவர்களும் திரும்பி வரும் நினைப்போடுதான் நுனி விட்டுப் போகிறார்கள் போலும்.

திரும்பி வருதலுக்கு உள்ளூர் வரலாற்றுச் சான்றும் உண்டு. 1751 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளியான ராஜா சாகிப்பின் படையை ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் ஆரணியில் முறியடித்தார். அன்இன்ஸ்டால் முடிந்ததென்று நினைத்தால், அடுத்த பிப்ரவரியில் அதே எதிரியைக் காவேரிப்பாக்கத்தில் மறுபடி சந்திக்க நேர்ந்தது.

வெளிநாட்டு அரசுகளும் இதில் தலையைக் கொடுத்திருக்கின்றன. விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்துக் கட்டியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிளேயர் இல்லாத விண்டோஸும் விற்கச் சொன்னது. அதே விலையில் ஒரு பொருள் குறைவு என்றால் யார் வாங்குவார்? 2016 ஏப்ரலில், விண்டோஸில் உள்ள குவிக்டைம் பிளேயரை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசே எச்சரித்தது. அடோபி ஃபிளாஷ் மட்டுமே கண்ணியமாக விடைபெற்றது: 2020 டிசம்பர் 31இல் ஆதரவு நின்றது, 2021 ஜனவரி 12 முதல் எதையும் ஓட்ட மாட்டேன் என்று தானே மறுத்துவிட்டது.

இந்தியாவில் நடந்தது வேறு கதை. எல்லாவற்றையும் நீக்கிய பிறகு எவரும் தேடிப்போகும் விஎல்சி பிளேயரின் இணையதளம் 2022இல் இங்கே மாதக்கணக்கில் முடக்கப்பட்டிருந்தது; நவம்பரில்தான் திறந்தது. வேண்டாதவை அழைக்காமலே வந்துகொண்டிருக்க, வேண்டிய ஒன்றை நண்பரின் பென்டிரைவில் வாங்கி வரவேண்டியதாயிற்று. அந்தப் பென்டிரைவில் வேறு என்னென்ன வந்தன என்பது தனி ஆய்வுக்குரியது.