ரூட் கெனால், 11-வது வாரம்

வங்கிக் கிளையில் எல்லோருக்கும் நான் பல் வைத்தியத்துக்குப் போவதாகத்தான் தெரியும். தில்லைநகரில் நான் வெள்ளிக்கிழமைதோறும் போகிற கட்டடத்தில் கீழே பல் மருத்துவர், மாடியில் மனநல ஆலோசகர். வண்டியைக் கீழே நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாடியேறுவேன். முதல் வாரமே, சானிட்டரிவேர் கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் படிக்கட்டடியில் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், பல்லா?"

"ஆமா சார். ரூட் கெனால்."

பொய் சொல்லிப் பழகாதவனின் பொய் எப்போதும் தேவைக்கு மேல் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். (கவுன்டரில் இன்ஷூரன்ஸ் விற்றதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) சொத்தைப் பல் என்று சொல்லியிருந்தால் அதே வாரம் முடிந்திருக்கும்.

மாடியேற நேர்ந்த கதை இதுதான். மார்ச் கடைசி வாரம், ஒரு காலை, வங்கி வாசலில் ஸ்கூட்டருக்கு சைடு ஸ்டாண்ட் போட்டேன். இறங்க முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. உள்ளே போகவேண்டும் என்று தெரிகிறது, கால் மட்டும் கேட்கமாட்டேன் என்கிறது. 40 நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேனாம். எண்ணியது நானல்ல, செக்யூரிட்டி அண்ணன். கடைசியில் அவரே எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிவந்து நீட்டினார். வாங்கி வாய்க்குக் கொண்டுபோனேன். டம்ளர் எதிலோ 'டொக்'கென்று இடித்தது.

"சார், ஹெல்மெட்டைக் கழட்டிட்டுக் குடிங்க" என்றார்.

அதற்கு முன்பே நெஞ்சு படபடப்பு இருந்தது. நம் ஊரில் நெஞ்சு படபடப்பு எந்த வரிசையில் போகுமோ அந்த வரிசையில் நானும் போனேன். முதலில் கேஸ் என்றார்கள். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கண்ணு பட்டிருக்கிறது என்று மிளகாய், உப்பு சுற்றி அடுப்பில் போட்டாள். பிறகு ஈ.சி.ஜி. பிறகு டிரெட்மில். எல்லாம் பார்த்த இதய மருத்துவர், "ஹார்ட்டு நல்லா இருக்கு சார். அதுமேல உட்கார்ந்திருக்கிறது என்னன்னு பாருங்க" என்று ஒரு சீட்டில் மாடி விலாசத்தை எழுதிக்கொடுத்தார்.

ஆலோசகருக்கு முப்பத்து சொச்சம் வயதிருக்கும். எனக்கு 49. அந்த வயதுப் பெண் ஒருவர் எங்கள் கிளையில் கிளார்க்காக இருந்தால் நான் உத்தரவு போடுவேன். இங்கே 'மேடம்' என்று சொல்லிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அமர்வு 50 நிமிஷம், 1,000 ரூபாய். நிமிஷத்துக்கு 20 ரூபாய் என்று மனசு அதுவாகவே கணக்குப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் அந்த அறையில் நான் விட்ட ஒவ்வொரு இருமலுக்கும் எனக்கு விலை தெரியும்.

முதலில் ஒரு தாள் கொடுத்தார். ஜி.ஏ.டி-7 என்று பெயர். பதற்றத்தை அளக்க 2006-ல் வந்தது. ஏழு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் கவலையை நிறுத்த முடியாமல் போனதா, எரிச்சல் வந்ததா, ஏதோ விபரீதம் நடக்கப்போவதாகப் பயம் இருந்ததா என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. நான் 16 வாங்கினேன். 15-ஐத் தொட்டாலே கடுமையானது. இதில் மார்க் குறைந்தால்தான் நல்லது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. ஏனென்றால் 16 என்றதும் உள்ளுக்குள் ஒரு பழைய முதல்-ரேங்க் பையன், "இன்னும் 5 எங்கே போச்சு?" என்று கேட்டான்.

நான்காம் வாரம் அதே தாளை மறுபடி கொடுத்தார். இந்த முறை 7. வங்கிக்காரனுக்கு இது கைவந்த கலை. மார்ச் 31 அன்று மட்டும் கணக்கு லட்சணமாக இருந்தால் போதும், ஏப்ரல் 1 அன்று எப்படியோ போகட்டும். 90 நாளுக்கு மேல் தவணை வராத கடனை வாராக்கடன் என்று எழுதியாக வேண்டும். 89-வது நாள் என்னென்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதையே என் மனசின் பேரேட்டிலும் செய்தேன். மேடம் தாளைப் பார்த்தார். "எரிச்சலுக்கு பூஜ்யம் போட்டிருக்கீங்க. நல்ல விஷயம் சார்" என்றார். அந்த நொடி என் போன் அடித்தது. கிளையிலிருந்து. எடுத்து, "ஒரு மணி நேரம் உங்களால தாக்குப்பிடிக்க முடியாதா? அறிவிருக்கா?" என்று கத்திவிட்டு வைத்தேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பூஜ்யத்தை 3 ஆக்கினேன். பூஜ்யத்தை 3 ஆகத் திருத்துவது ரொம்ப சுலபம், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அடுத்தது வீட்டுப்பாடம். ஆரன் பெக் என்று அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். 100 வயது வாழ்ந்து 2021-ல் இறந்தார். 1960-களில் அவர் வகுத்த சிகிச்சையில் ஒரு பதிவேடு உண்டு. என்ன நடந்தது, அப்போது மனசில் ஓடியது என்ன, எத்தனை சதவீதம் பயந்தீர்கள், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுதவேண்டும். மனசு சொல்வதையெல்லாம் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் சாட்சிக்கூண்டில் ஏற்றி விசாரிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் ஒரு பதிவு. ஏழு நாள்.

வியாழன் ராத்திரி 10 மணிக்கு ஏழு நாளையும் எழுதினேன். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று நீலம், கறுப்பு, பிறகு மகளின் பச்சை ஜெல் பேனா. ஒரு பக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் காபி கூடச் சிந்தவிட்டேன். ஆடிட்டர்களை 22 வருஷம் சமாளித்தவன். மேடம் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவர் பச்சையில் நின்றார். "'சனிக்கிழமை காலை 11 மணி. நகைக்கடன் கவுன்டரில் வாடிக்கையாளர் சத்தம் போட்டார். பயம் 80 சதவீதம்.' ஏன் சார், போன சனிக்கிழமை ரெண்டாவது சனிக்கிழமை இல்ல? உங்களுக்கு லீவாச்சே?"

2015 செப்டம்பரிலிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கிகளுக்கு விடுமுறை. அந்த அறிவிப்பைக் கிளை வாசலில் என் கையால் ஒட்டியவன் நான்.

பிறகு கவலை நேரம். தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1980-களில் சோதித்துப் பார்த்த முறை. கவலை வரும்போதெல்லாம் அதைத் தடுக்கவேண்டாம், தள்ளிப்போடு. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. அங்கே உட்கார்ந்து மொத்தமாகக் கவலைப்படு. தவணை மாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில்தானே, எனக்கு உடனே பிடித்துப்போனது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மலைக்கோட்டை தெரிந்தது. காற்று வந்தது. கவலை மட்டும் வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அழையாமல் வந்து கட்டில் விளிம்பில் உட்காரும் அத்தனை பேரும், நாற்காலி போட்டுக் கூப்பிட்டதும் காணோம். கால் மணி நேரம் கழித்து, கவலைப்படக்கூடத் துப்பில்லையே என்று ஒரு கவலை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மனைவி மேலே வந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"சரி, முடிச்சுட்டு அந்த வடாத்தை எடுத்துட்டு வாங்க."

தசைத் தளர்ச்சிப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்னால் உருவாக்கியது. ஒவ்வொரு தசையாக இறுக்கி, விடவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு கற்றுக்கொள்ளும். "தோளைக் காதுகிட்ட தூக்குங்க சார்" என்றார் மேடம். தூக்கினேன். "தூக்குங்க." "தூக்கியாச்சு மேடம்." அவர் எட்டிப் பார்த்தார். தோள் காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. பிறகு விடச் சொன்னார். விட்டதில் 15 நிமிஷம் குறட்டை. 300 ரூபாய். அந்த வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல செலவு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுப்பாடம் செய்யாத பையன் என்ன செய்வான்? பாடத்தில் இல்லாததைப் படித்துக்கொண்டு போய் வாத்தியாரை அசத்தப் பார்ப்பான். ஆறாம் வாரம் நான் அப்படித்தான் போனேன். வேலையில் இப்படித் தீய்ந்துபோவதற்கு 'பர்ன் அவுட்' என்ற பெயரை 1974-ல் ஒரு கட்டுரையில் எழுதி நிலைநாட்டியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்று ஆரம்பித்தேன். நியூயார்க்கில் பகலெல்லாம் தன் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்து, தானே தீய்ந்துபோன ஆள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வரையறுத்தபோது நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு வருகிற ஒரு நிலைமை என்றுதான் சொன்னது என்றேன். ("அப்ப லீவு ஃபாரத்துல நோயின் பெயர்னு இருந்த இடத்துல என்ன எழுதினீங்க?" "வைரல் காய்ச்சல், மேடம்.") பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பேராசிரியை இதை மூன்றாகப் பிரித்ததைச் சொன்னேன். ஒன்று, சக்தி வற்றிப்போவது. இரண்டு, எதிரே நிற்கும் மனிதர்கள் மனிதர்களாகத் தெரியாமல் போவது. மூன்று, செய்த வேலைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று தோன்றுவது. 22 நிமிஷம் பேசினேன். 440 ரூபாய்க்கு நானே அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

மேடம் முழுக்கக் கேட்டார். "அந்த ரெண்டாவது சொன்னீங்கள்ல. அது உங்களுக்கு எப்ப சார்?"

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிற்று. 80 ரூபாய்.

பிறகு சொன்னேன். நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வருவார்கள். கிளை நிரம்பி வழியும். ஒரு பாட்டி, குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர், கைரேகை இயந்திரத்தில் விரல் பதியாமல் மூன்றாவது முறையாக என் மேஜைக்கு வந்தார். ரேகை தேய்ந்த விரல்கள். "தம்பி, நான் உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுக்கணும்" என்றார். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "போன வருஷமும் இதத்தானே சொன்னீங்க" என்றேன்.

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார், வரிசையில் நிற்பவர்கள் அதிகாரியின் ஜோக்குக்குச் சிரிப்பதுபோல. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்புறம் முழங்கைப் பக்கம் மஞ்சள் பை ஒன்று கிடந்தது. அவருடையது. உள்ளே ஒரு சாத்துக்குடி. எனக்கென்று கொண்டுவந்ததா, தனக்கென்று கொண்டுவந்து மறந்ததா, கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் திரும்பி வரவில்லை. அதை மேஜை இழுப்பறையில் வைத்தேன். காய்ந்து கல்லாகிற வரைக்கும் அங்கேயே இருந்தது.

இதைச் சொன்ன வாரம் பதிவேட்டில் ஒரே ஒரு பதிவுதான் எழுதினேன். ஒரே பேனா.

இதற்கிடையே கீழ்த்தளத்தில் வேறொரு வினை முற்றிக்கொண்டிருந்தது. என் ரூட் கெனால் எட்டாவது வாரத்தைத் தொட்டபோது சானிட்டரிவேர்காரர் கிளைக்கே வந்துவிட்டார். "எனக்கு மூணே சிட்டிங்ல முடிச்சாங்க சார். அந்த ஆளு உங்களை இழுத்தடிக்கிறான்." எங்கள் தலைமைக் காசாளர் தன் மனைவியின் பல்லுக்கு அங்கே வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்டை ரத்து செய்தார். ஏதும் அறியாத ஒரு டாக்டரின் பிழைப்பில் நான் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடியில் இதைச் சொன்னேன். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார், தோள் குலுங்கியது. பிறகு, யாராவது ஒரே ஒருத்தரிடம் உண்மையைச் சொல்லிப் பாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார்.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, செக்யூரிட்டி அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, நான் பல்லுக்குப் போகல."

"தெரியும் சார். ஹெல்மெட்டோட டீ குடிச்சவருக்குப் பல்லுலயா பிரச்சினை?"

11-வது வாரம், புதன்கிழமை ராத்திரி, இடது கடைவாய்ப் பல்லில் மின்னல் வெட்டியது. நிஜமான வலி. நான் வாய்விட்டு வரவழைத்த வலி. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் தில்லைநகர் போய், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கட்டடத்தின் கீழ்க் கதவைத் திறந்தேன். டாக்டர் சாதுவான மனிதர். என்னால் போன நோயாளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். விளக்கைத் திருப்பி, கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"பல்லு விரிசல் விட்டிருக்கு. ரூட் கெனால்தான் பண்ணணும்" என்றார். பிறகு மற்ற பற்களையும் தட்டிப் பார்த்தார். "எல்லாமே தேஞ்சிருக்கே. தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க சார். டென்ஷன் ஜாஸ்தியா? வேற எங்கயும் அலைய வேண்டாம். மேல ஒரு மேடம் இருக்காங்க, ரொம்ப நல்லாப் பேசுவாங்க. ஒருதடவை போய்ப் பாருங்களேன்."

வாய் நிறையப் பஞ்சு. தலையை ஆட்டினேன்.