பழசு தேடும் மதினி

எல்லாரும் ‘புதுசு ஏதும் வந்துருக்கா?’ என்று கேட்கிற கடையில் போய் ‘பழசு ஏதும் கெடக்கா?’ என்று கேட்பவர் யாரோ, அவரே மதினி. இவர் தனி ஆள் இல்லை. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார். காதில் சுட்டமண் ஜிமிக்கி, கழுத்தில் கருத்துப்போன வெள்ளி மாதிரி ஏதோ ஒன்று, தோளில் நார்ப்பை, கையில் போன். போனில் விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் மதினி குடும்பத்தோடு குற்றாலம் ஐந்தருவிக்கு வருவார். தண்ணீர் கூடி, குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் கயிறு கட்டிவிட்டால், எங்கிருந்தோ வேன் பிடித்து வந்தவர்கள் தலையில் வைத்த எண்ணெயோடு நின்று புலம்புவார்கள். மதினிக்கு அதைவிட நல்ல பொழுது கிடையாது. சிப்ஸ் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி, சிக்னல் இரண்டு கோடு வந்ததும் கடை விரித்துவிடுவார். ‘ஹேண்ட்மேட்’, ‘விண்டேஜ்’ என்ற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும், உலகத்தில் உள்ள கைவினைஞர்கள் எல்லாரும் அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் அருவி இடி மாதிரி விழுந்துகொண்டிருக்கும். மதினி திரும்பிப் பார்க்க மாட்டார். அது கையால் செய்தது இல்லையே.

“இது மெஷின்ல செய்ததில்ல கேட்டியளா? ஒரு அம்மா உக்காந்து செய்தது” என்பார்.

“எந்த அம்மா மதினி?”

“ராஜஸ்தான்ல ஒரு அம்மா.”

சாட்சிக்குப் படம் காட்டுவார். படத்தில் முகம் இருக்காது, கை மட்டும் இருக்கும். சுருக்கம் விழுந்த கை, அதில் ஒரு ஊசி. இதே கை இன்னும் நாலு கடைகளில் நாலு மாநிலத்துக் கையாக உழைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் மதினி மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

விண்டேஜ் என்றால் எத்தனை வருஷம் என்று கேட்டால் மதினியிடம் சட்டம் தயாராக இருக்கும். 2005இல் அமெரிக்காவில் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி என்ற இணையச் சந்தையில் விண்டேஜ் என்று போட்டு விற்க வேண்டுமானால் பொருளுக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். அங்கே பிறந்த விதி இப்போது தென்காசி வரை செல்லும். இருபது வருஷம் முன்னால் காசி விசுவநாதர் கோயில் திருவிழாக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கிய பிளாஸ்டிக் கிளிப், பெட்டியடியில் கிடந்த கிடப்பிலேயே விண்டேஜ் ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் அண்ணனும்தான் விண்டேஜ், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஆனால் அவரை மதினி ஒருநாளும் அந்தக் கண்ணால் பார்த்ததாகத் தெரியவில்லை.

பார்சல் வருகிற நாளை வீடு முன்கூட்டியே அறியும். அன்று மதினி வாசலுக்கும் அடுப்படிக்கும் இடையிலேயே நடப்பார். பழுப்புத்தாள் உறை, மேலே சணல் கயிறு, உள்ளே காய்ந்த பூ ஒன்று, ‘உங்களுக்காகவே அன்போடு செய்தோம்’ என்று கையெழுத்து மாதிரி அச்சடித்த அட்டை. அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: நிறம் மாறியிருந்தாலும் அளவு கூடக்குறைய இருந்தாலும் தையல் கோணியிருந்தாலும் அது குறையல்ல, கைவேலையின் அழகு. ஒரு காதுத் தோடு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வந்தபோது மதினி கண் கலங்கியதை நான் நேரில் பார்த்தேன். “மனுச கை பட்டதுன்னு தெரியுதுல்லா?” என்றார்.

இதே மதினியைத் தென்காசியில் டெய்லர் கடையில் பார்க்க வேண்டும். ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்து, இடக்கைக்கும் வலக்கைக்கும் அரைநூல் வித்தியாசம் கண்டுபிடிப்பார். “அண்ணாச்சி, கண்ணை எங்க வச்சுட்டுத் தச்சிய?” பாவம் அண்ணாச்சி, முப்பது வருஷமாகத் தைக்கிறவர். பிரித்துத் தைத்து, கூலியில் இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்து அனுப்புவார். அவரும் ஒரு அட்டை அடித்து, காய்ந்த பூவோடு ரவிக்கைக்குள் வைத்துக் கொடுத்தால் கூலியை இரட்டிப்பாக வாங்கியிருக்கலாம். சணல் கயிற்றின் மதிப்பு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

மதினியின் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இந்த உலகமே வேறு. போன ஆடியில் ‘ஆக்சிடைஸ்டு’ ஜிமிக்கி ஒன்று வந்தது. கந்தகம் கலந்த கரைசலில் முக்கி வேண்டுமென்றே கருக்க வைப்பது அது. அடியில் இருப்பதும் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை, பேரில் மட்டும்தான் வெள்ளி. கடைக்காரர் அந்தக் கருப்புக்குத்தான் காசு வாங்கியிருந்தார், ரூ.1,299. அதை மேசையில் வைத்துவிட்டு மதினி குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தார், மடியில் புளி, பக்கத்தில் திருநீறு.

“ஏட்டி, இப்படிக் கருத்துப் போன சாமானையா காசு குடுத்து வாங்குத? எவனோ உன்னை ஏமாத்திட்டான். தேச்சு வச்சிருக்கேன் பாரு, பளபளன்னு.”

மதினி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அத்தைக்குக் கடைசி வரை காரணம் புரியவில்லை. சுத்தமாக வைத்துக்கொள்வது தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்று மட்டும் என்னிடம் வருத்தப்பட்டார்.

இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற அண்ணன் யோக்கியரா என்றால், அதுவும் இல்லை. அவருக்கு எச்.எம்.டி. வாட்ச் பைத்தியம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. மாப்பிள்ளைக்கு ‘ஜனதா’ கட்டினால்தான் சம்பந்தம் பேசிய காலம் ஒன்று இருந்தது. 2016இல் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்த பிறகுதான் அண்ணனுக்கு அதன்மேல் காதல் பிறந்தது. இணையத்தில் ஒன்று எடுத்தார். எந்திரம் பழசு. முகப்பு மட்டும் புதிதாக அச்சடித்து மாட்டியது, கிளிப்பச்சை நிறம். எச்.எம்.டி. அப்படியொரு பச்சையைக் கனவிலும் கண்டிருக்காது. “அபூர்வமான பீஸ்” என்கிறார் அண்ணன். அபூர்வம்தான், தொழிற்சாலைக்கே தெரியாத மாடல் அல்லவா?

மதினியின் தோளில் தொங்குகிற பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தமடைக் கோரைப்பாயில் தைத்த பை அது. வாழைத்தண்டு நிறத்தில் மெல்லிய கோரை, ஓரத்தில் சிவப்புக் கரை. பத்தமடைக்காரர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூலுக்கு நூலாகக் கீறி, பட்டு மாதிரி மடித்து வைக்கிற பாய் நெய்கிறவர்கள். 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது. அப்பேர்ப்பட்ட பாயில் தைத்த பையை மதினி பெங்களூர்க் கடை ஒன்றில் ஆர்டர் போட்டார். பை பத்தமடையிலிருந்து பெங்களூர் போய், அங்கே சணல் கயிறு கட்டிக்கொண்டு, மதுரை வழியாகத் தென்காசி வந்து சேர எட்டு நாள் ஆயிற்று. தென்காசியில் அம்பாசமுத்திரம் வழி பஸ் ஏறியிருந்தால் பத்தமடையில் நெய்கிறவர் வீட்டுத் திண்ணையிலேயே வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். இதைச் சொன்னேன். “அங்க போனா ரிட்டர்ன் பாலிசி கிடையாதுல்லா” என்றார்.

அந்தப் பாலிசியை ஐந்தருவிக் குரங்குதான் சோதித்துப் பார்த்தது. மதினி குளிக்கப் போனபோது அண்ணன் தோளில் துண்டு, பை, ஜிமிக்கி எல்லாம் தொங்கின. குரங்கு பையை மட்டும் பறித்துக்கொண்டு கூரைமேல் ஏறியது. திறந்தது, துழாவியது, கோரையை ஒரு கடி கடித்தது. பிறகு கீழே போட்டுவிட்டு எதிர்க்கடை மாங்காயைப் பார்த்துப் போய்விட்டது. கடிபட்ட இடம் இப்போது பையின் சரித்திரத்தில் சேர்ந்துவிட்டது.

சரித்திரம் என்றதும் பாம்படம். மதினியின் தேடலில் உச்சி அதுதான். நம் தென்சீமைப் பாட்டிமார் காதில் தோள் தொட ஆடிக்கொண்டிருந்த அதே பாம்படம், தண்டட்டி. சிறு வயதிலேயே காது குத்தி, பஞ்சு திணித்து, ஈயக் குணுக்கு மாட்டி இழுத்து இழுத்து வளர்த்த காது அது. பட்டையும் உருண்டையும் கூம்பும் சேர்ந்த அந்த வடிவத்தைப் பார்த்தால் இன்றைக்குக் கட்டடம் படிக்கிற பிள்ளைகள் வரைந்தது என்றுதான் தோன்றும். வெளியே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஏலத்துக்கும் வருகிறது.

மதினி ஒரு வெளிநாட்டுக் கடையில் கண்டுபிடித்தார். ‘தென்னிந்தியப் பழங்குடிக் காதணி, 150 ஆண்டுப் பழமை’ என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஆச்சிகள் பழங்குடி ஆனதே அன்றுதான் தெரியும். எனக்கு வேறொரு சந்தேகமும் வந்தது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. அப்படியானால் அந்தப் பாம்படம் சட்டம் வருவதற்கு முன்னால் கப்பலேறியிருக்க வேண்டும், அல்லது கள்ளத்தனமாகப் போயிருக்க வேண்டும், அல்லது போன தீபாவளிக்குச் செய்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதற்குத்தான் என் ஓட்டு.

மதினி படத்தை அத்தையிடம் காட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“இது எங்கம்மா போட்டுருந்ததுல்லா!”

“அத்தை! அது எங்க இருக்கு இப்போ?” மதினிக்கு மூச்சு வாங்கியது.

“எங்க இருக்குமா? ஒன் கழுத்துலதான். ஒன் கல்யாணத்துக்குத்தான அதை உருக்கிச் செயின் அடிச்சோம். பாக்கப் பெரிசா இருந்துச்சுன்னுதான் பேரு, ஆசாரி உருக்குனா பாதி அரக்கு. நீதானட்டி அப்போ மிஷின் கட்டிங்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன?”

மதினி சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெகுநேரம் பேச்சில்லை. பிறகு அந்த 150 வருஷத்தை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போனை மூடினார்.

நகையை விட நகையின் கதைக்குக் காசு கொடுக்கிற குணம் மதினியோடு பிறந்தது என்று நினைக்க வேண்டாம். குற்றாலத்துக்கே அந்தப் பழக்கம் பழசு. பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கியைத் தேடி வருகிறான். அவள் காலிலும் கழுத்திலும் பூட்டியிருக்கிற ஒவ்வொரு நகையையும் பார்த்து மிரண்டு, இது என்ன, அது என்ன என்று கேட்கிறான். அவள் அசராமல், இது இன்ன நாட்டில் குறி சொல்லி வாங்கியது, இது இன்னார் கொடுத்தது என்று ஊர் பேரோடு ஒப்பிக்கிறாள். இன்றைக்கு இணையக் கடையில் படத்துக்குக் கீழே பத்து வரி எழுதுகிறார்களே, அந்தக் கலையில் சிங்கிதான் முன்னோடி. அந்தப் பாட்டுக்காகக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் குறவஞ்சி மேடு என்று நிலமே கொடுத்தார். மதினியின் கடைக்காரர்கள் அந்த அளவுக்குத் தமிழ் எழுதுவதில்லை, ஆனால் வருமானத்தில் குறைவில்லை.

சிங்கி தமிழ்க் குறத்தி. ஐந்தருவி வழியில் பாசிமணி கோத்து விற்கிற நரிக்குறவர் வேறு. அவர்கள் வீட்டுக்குள் பேசுவது வாக்ரிபோலி. நாடாளுமன்றம் சட்டம் போட்டு அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது 2023 ஜனவரியில். இணையக் கடைகளோ அதற்கு வெகுநாள் முன்பே அந்த மாதிரி மணிகளுக்கு ‘ட்ரைபல்’ பட்டம் கொடுத்து விலையை ஏற்றிவிட்டன. பட்டம் மட்டும் மணிக்கு, காசு வேறு யாருக்கோ.

இந்த சீசனில் மதினி அந்தப் பாசிக்காரம்மா முன்னால் நின்றார். தட்டில் சிவப்பும் கருப்பும் சோழியும் கோத்த மாலை. மதினிக்கு அதைப் பார்த்த ஞாபகம். போனைத் திறந்தார். அதே கோப்பு, அதே சோழி, ‘போஹோ ட்ரைபல் நெக்பீஸ்’, ரூ.1,450.

“எவ்வளவு?”

“நூத்தம்பது அக்கா.”

“அறுபதுக்குத் தாரியா?”

கேட்ட கையோடு மதினிக்கு ஒரு யோசனை முளைத்துவிட்டது. அவர் முகத்தில் அது ஏறியதை நான் கண்ணால் கண்டேன். வாங்கிக்கொண்டிருந்தவர் விற்கத் துணிகிற முகம். மாலையை எடுத்து அருவிப் பாறை ஈரத்தில் வைத்தார், மேகம் தெரிகிற மாதிரி குனிந்தார், நிமிர்ந்தார், படம் பிடித்தார். “சாரல் கலெக்‌ஷன்னு பேரு வைக்கலாமா?” என்று என்னிடம் கேட்டார்.

பாசிக்காரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கம்பியை முறுக்கினார். தட்டின் ஓரத்தில் க்யூஆர் அட்டை சாய்ந்து நின்றது.

“அக்கா, நெட்டுல போட்டு விக்கப் போறீங்களா? எங்க வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே போட்டு வச்சிருக்கு. அம்பது எடுத்தா ஒண்ணு நூத்திருபதுக்குத் தரேன். கொரியர் காசு தனி.”

மதினி கொஞ்சம் தடுமாறித்தான் போனார். ஆனாலும் வாங்குகிறவர் கேட்க வேண்டியதை விடவில்லை.

“எல்லாம் கையால செய்ததுதான?”

அந்த அம்மா குறட்டைக் கீழே வைத்தார்.

“பின்ன, காலாலயா செய்வாங்க?”