சுருக்கமாகச் சொன்னால்…

கோப்புகளைச் சுருக்குவதற்கென்று ழான்-லூ கையியும் மார்க் ஆட்லரும் 1995-இல் இசட்லிப் என்ற நூலகத்தை வெளியிட்டார்கள். இலவசம். விண்டோஸுக்கு ரெடிமேடாகவே கிடைக்கும். கம்பைல் செய்யும் தொல்லை இல்லை என்பார்கள். வாஸ்தவம்தான், தொல்லை லிங்க் செய்வதில் இருக்கிறது.

ஹெடர் கோப்பைக் காட்டினால் கம்பைலர் சமாதானமாகிவிடும். அடுத்து லிங்கர் வந்து, "இந்த ஃபங்ஷன் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று கைவிரிக்கும். அதற்கு லிப் கோப்பைப் படைத்து அனுப்பினால், நிரலை ஓட்டும்போது "டிஎல்எல் எங்கே?" என்று விண்டோஸ் மறிக்கும். தாசில்தார் ஆபீஸ்கூட இத்தனை ஒழுங்காக மேசை மேசையாக அலையவிடாது.

டிஎல்எல்லை எங்கே வைப்பது? 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் கோப்புகள். 32-பிட் கோப்புகளுக்கு சிஸ்வாவ்64. பெயர்ப்பலகையை நம்பியவர் கெட்டார். "இரண்டிலும் போடாதே, உன் நிரலின் பக்கத்திலேயே வை" என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு.

எல்லா மென்பொருளும் அந்த வாக்கைத் தட்டாமல் கேட்டன. பலரும் பகிர்ந்துகொள்ளப் பிறந்த டிஎல்எல், இப்போது ஒரே கணினியில் ஏழெட்டு ஃபோல்டர்களில், ஏழெட்டு வெர்ஷன்களில் குடியிருக்கிறது. கோப்புகளைச் சுருக்கி மிச்சம்பிடித்த இடம் வீணாகவில்லை.