வண்டிச் சார்ஜரும் பேட்டரிக் கொலையும்: ஒரு தடயவியல் ஆய்வு

காரில் சார்ஜ் போட்ட செல்போனின் பேட்டரி அகால மரணமடைந்தால் கொன்றது யார் என்பதில் இரு மரபுகள் உண்டு. முதலாவது கம்பெனி மரபு. 'ஒரிஜினல் தவிர வேறெதையும் சொருகாதே' என்பது இதன் மூலச் சூத்திரம். உரையாசிரியர்கள் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டருக்குப் பின்னால் வாழ்கின்றனர். இரண்டாவது டிரைவர் மரபு: 'நாலு வருஷமா இதைத்தான் சார் போடுறேன், ஒண்ணும் ஆகல.' இதைச் சொல்பவரின் போன் 40 சதவீதத்தில் திடீரென அணைந்துபோகும். அதை அவர் சான்றாக ஏற்பதில்லை.

சென்னை ரிச்சி தெருவில் 150 ரூபாய் சொல்லி 100 ரூபாய்க்குக் கொடுத்த சார்ஜர் ஒன்று ஆய்வின் பொருட்டுப் பிளக்கப்பட்டது. உள்ளே முனையைத் தாங்கும் ஸ்பிரிங், எட்டுக்கால் சில்லு ஒன்று, காயில் ஒன்று, கெபாசிட்டர் இரண்டு, நீல எல்.இ.டி. ஒன்று. இவற்றுள் எல்.இ.டி.யின் தரத்தில் மட்டும் குறை காண இயலவில்லை.

இதன் கடமை எளியது. வண்டி ஓடும்போது சாக்கெட்டில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். அதை 5 வோல்ட்டாக இறக்கித் தர வேண்டும். சார்ஜர் மின்சாரத்தைப் பேட்டரிக்குள் ஊற்றுகிறது என்பது உலக வழக்கில் உள்ள பிழை. எவ்வளவு வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சில்லுதான். மட்டமான சார்ஜர் பழுதாகி அந்த 14 வோல்ட்டை அப்படியே உள்ளே விட்டால் முதலில் பலியாவது பெரும்பாலும் அந்தச் சில்லு. அது கொலைதான், ஆனால் வழக்கு வேறு.

அப்படியானால் பேட்டரியைக் கொன்றது யார்? வெப்பம் என்ப. ஆப்பிள் நிறுவனம் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. மே மாத வேலூரில் முற்பகலிலேயே அதைத் தாண்டிவிடும். முன்கண்ணாடியின் உட்புறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போனை அங்கேதான் ஸ்டாண்டு வைத்து ஒட்டுகிறோம். மேப் ஓடுகிறது, திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது, சார்ஜ் 100-இலேயே நிற்கிறது. லித்தியம் அயான் பேட்டரி விரைந்து மூப்படைய நிறைந்த வயிறும் சூடான உடம்புமே போதும்.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. கம்பெனியின் அதிவேகச் சார்ஜர், வெயிலில் போனை 100 ரூபாய்ச் சார்ஜரைவிட அதிகம் சூடாக்கக்கூடும். சூடு கண்டதும் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று கம்பெனி மரபினர் மறுப்பர், மறுப்பு செல்லும். ஏழைச் சார்ஜருக்கோ அந்த வேகமே கிடையாது. மேப் குடிக்கும் மின்சாரத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாமல், சார்ஜ் ஏறுவதாக மின்னல் குறி காட்டிக்கொண்டே சதவீதம் இறங்கும். மாயாவாதிகள் நெடுங்காலம் தேடிய எடுத்துக்காட்டு இதுவே என்பது எம் துணிபு.

ஆகவே பேட்டரிக் கொலை வழக்கிலிருந்து சார்ஜர் விடுவிக்கப்படுகிறது. சில்லுக் கொலை வழக்கில் ஜாமீன்கூட இல்லை. ஸ்டாண்டை முன்கண்ணாடியிலிருந்து ஏ.சி. துவாரத்துக்கு மாற்றும்படி பரிந்துரைத்தோம். டிரைவர் மரபினர் ஏற்கவில்லை. காற்றைப் போனுக்குத் திருப்பினால் ஓனருக்கு வேர்க்கும், ஓனருக்கு வேர்த்தால் அடுத்த மாதச் சம்பளத்தை யார் தருவது என்பது அவர்கள் தரப்பு.