எழுத்தைக் கொடுங்கள், சொல்லைத் தருகிறேன்
(கேள்வி-பதில்)

அட்டன் மாணவி ஒருவர்: எங்கள் ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கள் ஆறும் அடங்கிய நீண்ட சொல் உண்டா?

உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், தேடும் மார்க்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அகராதியை முதற்பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்குகிறவர், கவ்வாத்துக் கத்தியைக் கொண்டு காடு வெட்டப் புறப்பட்டவருக்கு ஒப்பாவார். அட்டனை ஆங்கிலத்தில் எச், ஏ, இரண்டு டீ, ஓ, என் என்று எழுதுகிறோம். ஆங்கிலச் சொற்களின் நீளம் பெரும்பாலும் வாலிலேதான் இருக்கிறது; ஆகையால் 'எடியுகேஷன்' என்பதன் கடைசியில் நிற்கும் 'ஏஷன்' என்ற ஐந்தெழுத்து வாலை முதலில் பிடியுங்கள். ஏ, ஒரு டீ, ஓ, என் ஆகிய நான்கும் அதற்குள்ளேயே அகப்பட்டுவிடும். எஞ்சுவன ஓர் எச்சும் மற்றொரு டீயுமே. இவ்விரண்டையும் உடைய தலை ஒன்று கிடைத்தால் காரியம் சித்தியாயிற்று. நூலாசிரியரைக் குறிக்கும் 'ஆதர்' என்ற சொல்லில் இரண்டும் இருக்கின்றன. 'ஆதரைசேஷன்' ஆயிற்று, 13 எழுத்து. 'ஹொஸ்பிட்டல்' என்பதிலும் இருக்கின்றன. 'ஹொஸ்பிட்டலைசேஷன்', 15 எழுத்து. ஒளி பட்டவுடன் உடல் பொறுக்கமாட்டாத நிலைக்கு ஆளாவதைச் சொல்லும் 'ஃபோட்டோசென்சிடைசேஷன்', 18 எழுத்து!

நீளத்துக்கே பேர்போன 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' 28 எழுத்துக்களோடும் மூன்று டீக்களோடும் வந்து நின்றாலும், ஓ என்னும் ஒரே எழுத்து இல்லாத குறையால் அட்டனுக்குள் நுழையமுடியாமல் திரும்பிப் போகிறது. அமெரிக்கப் புதிர்ப் பிரியர் சங்கத்தின் தலைவர் 1935இல் நுரையீரல் நோய் ஒன்றுக்கென்று சிருஷ்டித்த 45 எழுத்துச் சொல்லிலோ எச் கிடையாது; டீயும் ஒன்றே ஒன்றுதான். தேயிலை நாட்டுக்கு ஒற்றை டீயோடு வருகிற சொல்லுக்கு என்ன மரியாதை கிடைக்கும்!

கொட்டகலை வாசகர்: ஆங்கிலத்தில் மிக நீண்ட சொல் எத்தனை எழுத்து?

மேலே இருக்கிறது, ஒரு பந்தி ஏறிப் பாருங்கள்.

நானுஓயா வாசகர்: கோப்பி என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களுக்கும் ஒரு சொல் சொல்வீர்களா?

1869இல் இலைநோய் கண்டு, பின்னர் இம்மலைகளையே தேயிலைக்கு விட்டுக்கொடுத்துப் போன பயிருக்கு இந்தப் பத்தியில் இடமில்லை.

கந்தப்பளை விவசாயி: கோவா பயிரிடுகிற எங்களுக்கும் இந்த எழுத்து விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மிக நெருங்கிய சம்பந்தம், ஐயா! மேனாட்டுச் சங்கீதத்தில் ஸ்வரங்களுக்கு ஏ முதல் ஜி வரையுள்ள ஏழு எழுத்துக்களைப் பெயராக இட்டிருக்கிறார்கள். அந்த ஏழை மட்டுமே கொண்டு எத்தனை நீளமான சொல்லை ஆக்கலாம் என்பது சொல்விளையாட்டுக்காரர்களின் விருப்பமான பந்தயங்களில் ஒன்று. கோவாவுக்கு ஆங்கிலத்தில் 'கேபேஜ்' என்று பெயர்: சி, ஏ, பி, பி, ஏ, ஜி, ஈ. ஏழெழுத்தும் ஸ்வரம்! கரட்டுக்கும் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் வாய்க்காத பாக்கியம் இது. நுவரெலியா மண்ணில் விளைந்த கோவா ஒன்றை எழுத்துப் பிசகாமல் பியானோவில் வாசித்துவிடலாம். அதை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குகிற லொறியில் நீங்களும் ஏறினால், உங்கள் மூட்டைமுடிச்சுக்குப் பெயர் 'பேகேஜ்'. அதுவும் ஏழெழுத்து, அதுவும் ஸ்வரமே.

மஸ்கெலியா இளைஞர்: பொருள் தெரியாமல் சொற்களை மனனம் செய்தால் போதாதா?

வெற்றிக்குப் போதும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2007இல் மும்பையில் நடந்த ஆங்கில உலகப் போட்டியின் இறுதியில் அவரை எதிர்த்து நின்றவர் மலேசியாவின் கணேஷ் அசீர்வாதம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆயினும் பொருளறியாமல் நூறு சொல் வைத்திருப்பவரைவிட, பொருளறிந்து பத்துச் சொல் வைத்திருப்பவரோடு பேசவே நான் விரும்புவேன்.

பொகவந்தலாவை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை: நம்மவரின் வாழ்வைத் தொட்ட நீண்ட ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்லுங்கள்.

'ஸ்டேட்லெஸ்னஸ்'. எழுத்து 13, அவற்றுள் எஸ் மாத்திரம் ஐந்து முறை, வேறு வேறான எழுத்துக்களோ ஆறுதான். புதிர்க்காரனுக்கு ரசமான சொல் இது. லயத்துக்குள் நுழைந்தபோது அதற்கு நாடற்ற நிலை என்று பொருள். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்து, தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோர், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால், பிறந்த மண்ணிலேயே எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராயினர். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று வகுத்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மலையில் கொழுந்து பறித்தவர்களின் விருப்பத்தை எவரும் கேளாமலே இத்தொகைகள் எழுதப்பட்டன. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஐயா, அக்காலத்துப் பத்திரங்கள் உங்கள் பெட்டியில் இருந்தால், தயவுசெய்து பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நுவரெலியா ஆசிரியை: அடுத்த முறைக்கு என் வகுப்புக்கு ஒரு புதிர் தாருங்கள், ஐயா.

உங்கள் ஊர்ப் பெயரின் முற்பகுதியான 'நுவர' என்பதையே தருகிறேன்: என், யூ, டபிள்யூ, ஏ, ஆர், ஏ. இங்கே வாலைப் பிடிக்கவேண்டாம். அரிதான எழுத்து டபிள்யூவே ஆகையால் அதையே முதலில் பற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். 13 எழுத்துச் சொல் ஒன்று என் கைவசம் இருக்கிறது. அதனினும் நீண்டதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகள், சொல்லோடு அதன் பொருளையும் எழுதி அனுப்பவேண்டும்.