முக்கால்வாசி வேஸ்டேஜ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் எனக்கு ஒரே வேலைதான். ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி தோல் ஆகிறது என்று கணக்கெழுதுவது. எங்கள் பாஷையில் கன்சம்ப்ஷன். முதுகுப் பக்கம் நல்ல இடமாகப் பார்த்து ஷூவின் முகப்பை வெட்ட வேண்டும். கழுத்தும் வயிறும் தொளதொளவென்று இருக்கும். அவை நாக்குக்கும் கண்ணில் படாத இடங்களுக்கும் போகும். கட்டர் யாராவது தோல் வெட்டும் டையை விரற்கடை தள்ளி வைத்துவிட்டால், நான் நாற்காலியை விட்டு எழுந்து போய்ச் சண்டை பிடிப்பேன். மிஞ்சின துண்டு சாவிக்கொத்துக்கு, சீவின தூள் அட்டைக்கு, சுரண்டின ஜவ்வு வஜ்ஜிரப் பசைக்கு. தோல் தொழிலில் எதுவும் வீணாவதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். கழிவைச் சுமக்கிற பாலாற்றைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். அது என் டிபார்ட்மென்ட் இல்லை.

இப்படிப்பட்ட நான் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்ஃபோன் வாங்கி, மூன்று வருஷமாக அதில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். பேசுவேன். காலையில் பூப்படம் அனுப்புவேன். கரண்ட் போனால் டார்ச். அவ்வளவுதான்.

என் குட்டை உடைத்தவன் மனைவியின் தம்பி. தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் பார்க்கிறவன், அதாவது தரம் பிரிக்கிறவன். எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் போட்டு, வெளிச்சத்தில் சாய்த்து, ஓரத்தை மடக்கிப் பார்ப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரையும் அப்படித்தான் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஃபோனை வாங்கி அரைமணி நேரம் தடவிவிட்டுச் சொன்னான்: “மாமா, இதே ஒரு கட்டர் செஞ்சிருந்தா நீங்க மெமோ குடுத்திருப்பீங்க. முக்கால்வாசி வேஸ்டேஜ்.”

அந்த ஒரு சொல் போதும். அன்று முதல் ஃபோனில் ஒரு சதுர அங்குலம்கூட வீணாகக் கூடாது என்று இறங்கிவிட்டேன்.

முதலில் பேசினால் எழுதும் வசதி. கூகுள் விசைப்பலகையில் ஒரு மைக் படம் இருக்கிறது, 2017லிருந்து தமிழும் அதற்குக் கேட்கிறது. நமக்குத்தான் தெரியாது. கீழே விழுந்த குண்டூசியைத் தேடுகிறவன் மாதிரி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகக் குத்திக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய விடுதலை. வேலூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு, காட்பாடியில் பாசெஞ்சர் பிடித்து, குடியாத்தம், மேல்பட்டி எல்லாம் தாண்டி நம் ஊரில் கால் வைத்ததும், ரயில் இரைச்சலுக்கு நடுவிலேயே குடும்ப குரூப்பில் வாயால் செய்தி போட்டேன். “ஆம்பூர்ல இறங்கிட்டேன். சாப்பாடு எடுத்து வை.”

அது எழுதினது: “ஆம்பூர்ல இறந்துட்டேன். சாப்பாடு எடுத்து வை.”

கண்ணாடி போடாமல் அனுப்பிவிட்டேன். பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் சென்னையிலிருந்து தங்கை அழுதுகொண்டே கூப்பிட்டாள். துபாயிலிருந்து அண்ணன் பையன் டிக்கெட் விலை பார்த்துவிட்டான். சம்பந்தி, விளக்கெரியும் படத்தோடு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டிருந்தார். அந்தப் படம் அத்தனை சீக்கிரம் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதை நான் இன்னும் யோசிக்கிறேன். மனைவி மட்டும் நிதானமாகப் பதில் போட்டிருந்தாள்: “சரி. வர்ற வழியில தயிர் வாங்கிட்டு வாங்க.”

இதற்கும் ஃபோனுக்குள்ளேயே மருந்து இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு எழுத்தைத் திருத்த நான் விரலால் குறி பார்ப்பேன்; அது பக்கத்து வார்த்தையில் போய் நிற்கும். விசைப்பலகையில் வார்த்தைக்கு வார்த்தை இடம் விடும் நீளமான பட்டை இருக்கிறதே, அதன்மேல் விரலை வைத்து இடது வலதாக இழுத்தால் போதும். துடிக்கிற அந்தக் கோடு எழுத்தெழுத்தாக நகரும். தையல் மெஷினில் சக்கரத்தைக் கையால் உருட்டி ஊசியைச் சரியான துளையில் இறக்குவது போல. அது தெரிந்திருந்தால் ‘ந்து’வைத் தூக்கிவிட்டு ‘ங்கி’யை நுழைத்து உயிரோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

அடுத்து நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி. ஆண்ட்ராய்டு 11இல், அதாவது 2020இல் வந்தது. செட்டிங்ஸில் நாமாக ஆன் செய்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு கடந்த ஒரு நாளில் திரையில் எட்டிப் பார்த்த அறிவிப்பெல்லாம் அங்கே பதிவாகிக் கிடக்கும். அனுப்பியவர் பிறகு அழித்துவிட்டாலும் சரி. மச்சான் ஆன் செய்து கொடுத்துவிட்டுப் போனான். மறுநாளே குரூப்பில் சம்பந்தி ஏதோ போட்டு அழித்திருந்தார். அவர் திண்டுக்கல்காரர். போய்ப் பார்த்தேன். “ஆம்பூர் பிரியாணின்னு பேரு பெத்த பேரு. நம்மூர் பிரியாணியோட கால் தூசுக்கு வராது.” வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது, கை தவறி குரூப்பில் விழுந்திருக்கிறது. இரண்டு ஊரும் போடுவது அதே சீரக சம்பா அரிசிதான். அதோடு கத்திரிக்காயும் தயிர்ப் பச்சடியும் சேர்த்துச் சாப்பிடத் தெரியாத மனுஷனிடம் என்ன பேசுவது? அன்றிலிருந்து அவர் வந்தால் எங்கள் வீட்டில் சாம்பார் சாதம். இந்த வசதியை ஆன் செய்யுமுன் உறவுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்துக்கு உதவும் வசதி ஒன்றும் உண்டு. இந்தியாவில் 2017 ஜனவரி முதல் விற்கும் ஃபோன்களில் அவசர அழைப்புக்கு வழி இருந்தாக வேண்டும் என்பது விதி. பல ஃபோன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாகத் தட்டினால் 112க்குப் போகும். பஸ்ஸில் நெரிசல், என்னுடையது இறுக்கமான பேன்ட். தொடையிலிருந்து ஒரு குரல் “சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?” என்று கேட்டபோது பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து நின்றுகொண்டார். மன்னிப்புக் கேட்டு வைத்தேன். ரத்த வகை, வீட்டு நம்பர் எல்லாம் பூட்டிய திரையிலேயே தெரியும்படி எழுதி வைக்கலாம் என்பதையும் அன்று மாலையே செய்து முடித்தேன்.

மச்சான் கதைக்கு வருகிறேன். எனக்கு இத்தனை சொல்லிக்கொடுத்தவனுக்கு அவன் ஃபோனே திறக்காது. இருபது வயதில் சுண்ணாம்புக் குழியில் தொடங்கினவன். தோலிலிருந்து முடியைக் கழற்றுகிற சுண்ணாம்பு, கையை மட்டும் சும்மா விடுமா? ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் எந்த விரலை வைத்தாலும் இன்னொன்றை வை என்னும்; பத்து விரலும் தீர்ந்த பிறகு அது யாரைக் கேட்கும் என்று தெரியாது. ஃபோனும் அப்படியே. தோலைத் தொட்டே அது ஆடா கன்றா என்று சொல்கிறவனின் தோலை ஒரு ஃபோனுக்கு அடையாளம் தெரியவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான். இதில் மட்டும் நான். ஃபோனில் மூன்று நான்கு விரல்களைப் பதிந்துகொள்ளலாம். அவை வெவ்வேறு விரலாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அவனுடைய ஒரே கட்டைவிரலை நேராக ஒருமுறை, சாய்த்து ஒருமுறை, நுனியை மட்டும் ஒருமுறை என்று மூன்று ஆட்களாகப் பதிந்தோம். கன்சம்ப்ஷன் மூளை! இப்போது பத்துக்கு எட்டு தடவை திறக்கிறது. காய்ந்த விரலை வாயால் ஊதி வைத்தால் இன்னும் நன்றாக.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. தொடுதிரைக்குப் பிடித்தது உயிருள்ள தோல். அதில் ஈரமும் உப்பும் இருப்பதால் கொஞ்சம் மின்சாரம் கடத்தும்; திரை உணர்வது அதைத்தான். நாங்கள் பதனிட்ட தோலில் கையுறை தைத்து மாட்டிக்கொண்டு தொட்டால் ஆள் வந்ததாகவே அதற்குத் தெரியாது. சில ஃபோன்களில் டச் சென்சிட்டிவிட்டி என்று ஒன்று இருக்கிறது. தடித்த ஸ்க்ரீன் கார்டுக்காக வைத்தது. அதை ஆன் செய்தால் மெல்லிய கையுறைக்கும் மசியும்.

தோல் என் காலை வாரியதும் உண்டு. கம்பெனியில் மிஞ்சின துண்டில் ஃபோனுக்கு அழகாக ஒரு உறை தைத்து வைத்திருந்தேன், மூடினால் ‘டப்’ என்று ஒட்டிக்கொள்ளும் காந்தத்தோடு. பக்கத்து மனையில் வாசக்கால் வைக்கிறார்கள், கிழக்கு எது என்று பேச்சு வந்தது. ஃபோனில் திசைகாட்டி இருக்கிறது என்று முன்னால் போய் நின்றேன். அது ஜவ்வாது மலையைப் பெயர்த்து வடக்கே வைத்தது. மேஸ்திரி சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாருக்கு வெயில் ஒத்துக்கல போல, தண்ணி குடுங்கப்பா” என்றார். சித்திரை மாசத்து வேலூர்ப் பக்கத்து வெயில். அவர் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. மச்சானுக்குப் போன் போட்டால், “உறையைக் கழட்டுங்க மாமா, காந்தம் இருந்தா அதுக்குப் பைத்தியம் பிடிக்கும். கழட்டிட்டு காத்துல எட்டு போடுங்க, சரியாயிடும்” என்றான். போட்டேன். எட்டு போட்டால் திசைகாட்டி சரியாவது உண்மை. ஆனால் வாசக்காலுக்கு எதிரே நின்று ஃபோனை எட்டாகச் சுற்றியதைப் பார்த்த வீட்டுக்கார அம்மாள், நான் திருஷ்டி கழிக்கிறேன் என்று நினைத்துக் கற்பூரம் எடுத்து வரப் போய்விட்டார்.

மச்சான் தன் ஃபோனில் எனக்குத் தோன்றாத ஒன்றைச் செய்கிறான். வேலூரில் ஒரு கடையில் ‘ஒரிஜினல் லெதர்’ என்று செருப்பை நீட்டினார்கள். கேமராவைப் பெரிதாக்கி மேற்பரப்பில் வைத்தான். நிஜத் தோலில் முடிக்கால் துளைகள் கன்னாபின்னாவென்று இருக்கும், ஒரு இடம் மாதிரி இன்னொரு இடம் இருக்காது. இதில் அதே புள்ளிகள், அதே வரிசை, விரற்கடைக்கு விரற்கடை திரும்பத் திரும்ப வந்தன, அச்சடித்த ரெக்சின். வெட்டின ஓரத்திலும் நார் இல்லை. ஒன்றும் பேசாமல் திரையைக் கடைக்காரர் பக்கம் திருப்பினான். அவரும் ஒன்றும் பேசாமல் நூற்றைம்பது ரூபாய் குறைத்தார். வாங்கவில்லை.

என் கணக்கில் வேஸ்டேஜ் இப்போது பாதிக்கு வந்திருக்கிறது. உறையிலிருந்து காந்தத்தைப் பிரித்துவிட்டு அழுத்து பட்டன் தைத்துக்கொண்டேன். மைக்கை மட்டும் விட முடியவில்லை. ஆகவே தெரிந்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நான் ஆம்பூரில் இறந்துவிட்டதாக என்னிடமிருந்தே செய்தி வந்தால், அரைமணி நேரம் பொறுத்துக் கூப்பிடுங்கள். பிரியாணிக் கடையில் வரிசை நீளம்.