பெயர் ஒன்று, விலை மூன்று

வருஷா வருஷம் ஒரு செய்தி வரும். ‘உலகிலேயே மதிப்பு மிக்க பிராண்ட் எது?’ என்று தலைப்பு. கீழே முதல் பத்து இடங்கள், ஏறும் அம்பு, இறங்கும் அம்பு, பில்லியன் கணக்கில் டாலர். தசமப் புள்ளிக்கு அப்பாலும் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் நமக்கு ஒரு பயபக்தி வந்துவிடுகிறது. புள்ளி வைத்துப் பேசுகிறவர் புளுகுவாரா என்ன?

எனக்கும் அந்தப் பக்தி இருந்தது. ஒரு நாள் வேலை மெனக்கெட்டு 2011-ம் வருஷத்துப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆப்பிள் கம்பெனியின் பெயருக்கு என்ன விலை? பிராண்ட்இசட் பட்டியல் 153.3 பில்லியன் டாலர் என்றது, உலகத்தில் முதலிடம். இன்டர்பிராண்ட் 33.5 பில்லியன் என்றது, எட்டாமிடம். பிராண்ட் ஃபைனான்ஸ் 29.5 பில்லியனோடு நிறுத்திக்கொண்டது. வருஷம் ஒன்று, ஆப்பிள் ஒன்று, கடித்த இடம்கூட ஒன்றுதான். விலை மட்டும் மூன்று. நிஜ ஆப்பிளுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இப்படி ஐந்து மடங்கு வித்தியாசம் சொன்னால் தெருவில் பஞ்சாயத்தே கூடிவிடும்.

இதில் கூத்து என்னவென்றால், முந்தைய வருஷம்தான், அதாவது 2010-ல், பிராண்டுக்கு விலை போடுவது எப்படி என்று ஐ.எஸ்.ஓ. அமைப்பு ஒரு தரநிலையே வெளியிட்டிருந்தது. எண் 10668. ஆக, தரம் வந்துவிட்டது. நிலைதான் வரவில்லை.

சரி, பெயருக்குத் தனியாக விலை ஒட்டலாம் என்ற துணிச்சல் யாருக்கு வந்தது? ஹார்வர்டு பேராசிரியருக்கா? நோபல் பரிசு வாங்கிய பொருளாதார மேதைக்கா? கொஞ்சம் இறங்கி வாருங்கள். இங்கிலாந்தில், பயந்துபோயிருந்த ஒரு ரொட்டிக் கம்பெனிக்கு!

1988-ம் வருஷம். பிரிட்டனில் பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை விழுங்கும் சீசன். சுவிட்சர்லாந்தின் நெஸ்லே வந்து, ரவுன்ட்ரீ என்ற மிட்டாய்க் கம்பெனியைச் சுமார் 2.5 பில்லியன் பவுண்டுக்கு அள்ளிக்கொண்டு போனது. ரவுன்ட்ரீயின் கணக்குப் புத்தகத்தில் இருந்த சொத்தைப்போல் அது பல மடங்கு. மற்ற முதலாளிகள் மூக்கில் விரல் வைத்தார்கள். மெஷினுக்கும் கட்டடத்துக்குமா இத்தனை காசு? இல்லை சார், ‘கிட்கேட்’ என்ற பெயருக்கு! இரண்டாக உடைத்துத் தின்கிற ஒரு வஸ்து, வியாபார உலகத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

தூக்கம் போனவர்களில் ஒருவர் ரேங்க் ஹோவிஸ் மெக்டூகல். பெயரைப் பார்த்து வக்கீல் ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ரொட்டி, கேக், குழம்புப்பொடி விற்கிற கம்பெனி. ஆஸ்திரேலியாவிலிருந்து குட்மேன் ஃபீல்டர் வாட்டி என்ற இன்னொரு மாவுக் கம்பெனி இதை விழுங்க வாயைத் திறந்துகொண்டு நின்றது. ‘நீ கொடுக்கிற விலை எனக்குப் போதாது’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லலாம், ஆதாரம்? கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளையின் சம்பளம் குறைவாக இருந்தால் தரகர் என்ன செய்வார்? ‘பையனுக்கு நல்ல பெயர் இருக்கு’ என்பார். அதையேதான் செய்தார்கள். தரகர் எண்ணைச் சொல்ல மாட்டார், இவர்கள் சொன்னார்கள்.

கூப்பிட்டது ஜான் மர்ஃபி என்பவரை. இன்டர்பிராண்ட் கம்பெனியை ஆரம்பித்தவர். அதுவரை அவர்கள் தொழில், பொருளுக்குப் பெயர் வைப்பது. ஹாப்நாப் பிஸ்கட்டுக்கும் ப்ரோசாக் மாத்திரைக்கும் பெயர் அங்கிருந்துதான் போயிற்று. டீயில் நனைக்க ஒன்று, மனசு நனைந்தால் விழுங்க ஒன்று. பெயர் வைக்கிறவரையே கூப்பிட்டுப் பெயருக்கு விலையும் வைக்கச் சொன்னார்கள். நகை செய்தவரிடமே உரசிப் பார்க்கக் கொடுத்த மாதிரி.

மர்ஃபி கணக்குப் போட்டார். வந்தது 678 மில்லியன் பவுண்டு! காற்றில் மிதந்துகொண்டிருந்த பெயர்கள் எல்லாம் ஒரே வருஷத்தில் ஐந்தொகைக் கணக்கில் சொத்தாகக் குந்திக்கொண்டன. ஆலையில் ஒரு செங்கல் கூடவில்லை, ஒரு ரொட்டி அதிகமாக வேகவில்லை. ஆனால் கம்பெனி குண்டாகிவிட்டது. எதிராளியும் கடைசியில் வாயை மூடிக்கொண்டு போனார்.

அந்தக் கணக்கில் வந்த பெயர்களில் ஒன்று ‘மிஸ்டர் கிப்ளிங்’. கேக் பிராண்ட். ரொம்ப மரியாதையான பெரியவர், மீசையைத் தடவிக்கொண்டே கேக் சுடுவார் என்று நீங்கள் கற்பனை செய்தால் தப்பில்லை. ஏனென்றால் அவரே கற்பனைதான். அப்படி ஒரு மிஸ்டர் கிப்ளிங் பிறக்கவே இல்லை. பிறக்காத மனுஷனின் நல்ல பெயருக்கு விலை போட்ட பெருமை மனித குலத்துக்கு உண்டு.

இன்னொரு பெயர் ‘ஹோவிஸ்’. 1890-ல் ஒரு மாவுக்கு நல்ல பெயர் வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். ஹெர்பர்ட் கிரைம் என்ற மாணவர் லத்தீனில் ‘மனிதனின் பலம்’ என்று பொருள் வருகிற ‘ஹோமினிஸ் விஸ்’ஸைச் சுருக்கி ‘ஹோவிஸ்’ என்று எழுதிப் போட்டார். பரிசு 25 பவுண்டு. இந்த 25-ஐ எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்பேன்.

மர்ஃபி கணக்குப் போட்டு நான்கு வருஷம் கழித்து, 1992-ல், டாம்கின்ஸ் என்ற கம்பெனி ரேங்க் ஹோவிஸை நிஜமாகவே வாங்கியது. ஆலை, அடுப்பு, லாரி, மாவு மூட்டை, பிறக்காத கிப்ளிங் உட்பட எல்லாப் பெயர்களும் சேர்த்து 935 மில்லியன் பவுண்டு. பெயர்கள் மட்டுமே 678 என்றால், அத்தனை ஆலையும் லாரியும் ஏறக்குறைய கொசுறாகப் போயிருக்க வேண்டும்!

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். இன்டர்பிராண்ட் முறையில், கம்பெனியின் லாபத்தை எடுத்து, அதில் இத்தனை சதவீதம் பெயரால் வந்தது என்று ஒரு பங்கு பிரித்து, பிராண்டின் பலத்துக்கு மார்க் போட்டு, வருங்காலத்தை இன்றைய காசாக மாற்றுவார்கள். எல்லாம் அறிவியல்தான். ‘இத்தனை சதவீதம்’ என்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் ஜாதகம். சாம்பார் நன்றாக இருந்தால் அதில் பெருங்காயத்தின் பங்கு எத்தனை சதவீதம் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்களேன். கரண்டிதான் பதில் சொல்லும்.

பிராண்ட் ஃபைனான்ஸ் வழி இன்னும் ரசமானது. உங்கள் பெயர் உங்களுடையது இல்லை, யாரோ ஒருவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் எவ்வளவு ராயல்டி கட்ட வேண்டியிருக்கும்? அதுதான் உங்கள் பெயரின் மதிப்பு. சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே, இல்லாத வீட்டுக்காரருக்குக் கொடுக்காத வாடகையைக் கூட்டிப் பார்த்து ‘நான் பணக்காரன்’ என்பது போல. மூன்றாவது கோஷ்டியான பிராண்ட்இசட், ஜனங்களிடம் நேரிலேயே கருத்துக் கேட்டு அதையும் கணக்கில் கலக்கும். அதனாலோ என்னவோ, 2011-ல் ஆப்பிளுக்கு அங்கேதான் ஐந்து மடங்கு பாசம்.

இவர்கள் எல்லாம் யார்? இன்டர்பிராண்ட் 1993-ல் ஆம்னிகாம் என்ற விளம்பர சாம்ராஜ்யத்துக்குப் போய்விட்டது. பிராண்ட்இசட் வளர்ந்ததோ டபிள்யூ.பி.பி. என்ற இன்னொரு விளம்பர சாம்ராஜ்யத்தில். அதாவது, பிராண்டை வளர்த்துக் கொடுக்கிறேன் என்று காசு வாங்குகிற குடும்பமே பிராண்டின் எடையையும் பார்க்கிறது. வைத்தியரே தராசு வைத்து, ‘இளைச்சுட்டீங்களே’ என்று உச்சுக்கொட்டி, லேகியத்தையும் எடுத்து நீட்டினால் நாம் என்ன செய்வோம்? ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் மெய்க்கீர்த்தி எழுதிய புலவரும் மனசாரத்தான் எழுதியிருப்பார். பரிசில் கிடைத்தது தனி விஷயம்.

அமெரிக்காவில் ‘ஃபைனான்ஷியல் வேர்ல்ட்’ என்று ஒரு பத்திரிகை. 1992-ல் இது பட்டியல் போட்டது. முதலிடம் யாருக்கு? மார்ல்பரோ சிகரெட்டுக்கு! குதிரை, தொப்பி, அஸ்தமன சூரியன், 31.2 பில்லியன் டாலர். அடுத்த ஏப்ரல் 2-ம் தேதி, வெள்ளிக்கிழமை, மார்ல்பரோ பாக்கெட்டின் விலையைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். மலிவு சிகரெட்டோடு போட்டி போட முடியவில்லையாம். அன்றைக்கே கம்பெனியின் பங்கு விலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சரிந்தது. உலகத்திலேயே மதிப்பு மிக்க பெயரை, பெயரே இல்லாத சிகரெட் குதிரையிலிருந்து தள்ளிவிட்டது.

அதே பத்திரிகை 1994-ல் ஐ.பி.எம்.முக்குப் போட்ட விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பூஜ்யத்துக்கும் கீழே! மைனஸ் விலை. அதாவது ஐ.பி.எம். என்ற போர்டை வாசலில் மாட்டினால் நஷ்டம், கழட்டினால் லாபம். ஐ.பி.எம். அதற்குப் பிறகும் ஜம்மென்று இருந்தது. 2011-ல் இன்டர்பிராண்ட் பட்டியலில் இரண்டாமிடம்கூடப் பிடித்தது. விலை போட்ட ஃபைனான்ஷியல் வேர்ல்ட்தான் 1998-ல் கடையை மூடிவிட்டது.

2000-ம் வருஷத்திலிருந்து இன்டர்பிராண்டின் பட்டியலில் கோகோ கோலா ராஜ்ஜியம். அந்த வருஷம் விலை 72.5 பில்லியன் டாலர். 2012 வரைக்கும் அசைக்க ஆள் இல்லை. இந்தப் பெயரை 1886-ல் வைத்து, அந்த வளைந்த கையெழுத்தையும் எழுதிக் கொடுத்தவர் ஃபிராங்க் ராபின்சன். விளம்பர மேதை இல்லை, கணக்குப்பிள்ளை. சில வருஷத்தில் ஆசா கேண்ட்லர் என்பவர் ஃபார்முலா, உரிமை, பெயர் எல்லாவற்றையும் மொத்தமாக 2,300 டாலருக்கு வாங்கிவிட்டார். அன்றைக்குப் பட்டியல் போட ஆள் இல்லாதது கேண்ட்லரின் அதிர்ஷ்டம்.

நோக்கியாவை நினைவிருக்கிறதா? கீழே போட்டால் தரைதான் உடையும் என்ற புகழ் பெற்ற போன். 2007-ல் இன்டர்பிராண்டில் ஐந்தாமிடம், 33.7 பில்லியன் டாலர். அதே வருஷம் ஐபோன் சந்தைக்கு வந்தது. எமன் வாசலில் வந்து நிற்கிறான், அடுத்த வருஷப் பட்டியல் என்ன சொன்னது? நோக்கியா பெயரின் மதிப்பு 35.9 பில்லியனாக ஏறிவிட்டதாம்! 2014-ல் 98-ம் இடம். 2015-ல் பட்டியலிலேயே ஆள் இல்லை. ஆயுசு ரேகை தீர்க்கமாக இருக்கிறது என்று சொன்ன ஜோசியர், காரியத்தன்று வந்து சாப்பிட்டும் போன கதை.

இந்தக் கூத்தையெல்லாம் நம்பாத ஜீவன் ஒன்று உண்டு: ஆடிட்டர். சர்வதேசக் கணக்கியல் விதி 38 என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு கம்பெனி தானே வளர்த்த பிராண்டைச் சொத்தாகக் கணக்கில் எழுதக் கூடாது. இன்னொருவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள். அதாவது, அம்மா தன் பிள்ளைக்குச் சொல்லும் மார்க் செல்லாது. கோட்டு சூட்டு போட்ட உலகத்தில் யாரோ ஒருவருக்காவது அம்மாக்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

வாங்கி எழுதினாலும் கதை முடிவதில்லை. கிராஃப்ட், ஹெய்ன்ஸ் என்ற இரண்டு சாப்பாட்டு ராட்சசர்கள் 2015-ல் ஒன்று சேர்ந்தார்கள். 2019 பிப்ரவரியில் எழுந்து நின்று, ‘கணக்கில் இருந்த நற்பெயர், பிராண்ட் வகையறாவில் 15.4 பில்லியன் டாலரைக் கழித்துவிட்டோம்’ என்றார்கள். தீ விபத்து இல்லை, திருட்டு இல்லை. சீஸ் அதே சீஸ், கெட்சப் அதே கெட்சப். ஓர் எண் மட்டும் ஆவியாகிவிட்டது.

நம்ம ஊர்க்காரர்கள் இதில் பின்தங்கியிருப்போமா? கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் பறந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பெயருக்கு 4,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புப் போட்டார்கள். சாமானியன் போனால் பத்திரம் எங்கே, பட்டா எங்கே, ஜாமீனுக்கு இன்னொரு ஆள் எங்கே என்று கேட்கிற வங்கிகள், அந்தப் பெயரை அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டன. பீர் பாட்டிலில் இருக்கும் பெயர் அதில் சேர்த்தி இல்லை, விமானத்தின் பெயர் மட்டும்தான். 2012-ல் விமானம் தரையிறங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

2016 ஏப்ரலில் வங்கிகள் அந்தப் பெயரை ஏலத்துக்கு விட்டன. ஆரம்ப விலை 366.70 கோடி. பார்த்தீர்களா, இங்கேயும் புள்ளி! முதலாளி அதற்கு முந்தைய மாதமே லண்டன் போய்விட்டிருந்தார். கேட்க ஆள் வரவில்லை. விலையை 330 கோடியாகக் குறைத்து மறுபடி விட்டார்கள். அப்போதும் ஒரு கை எழவில்லை. பல்லாயிரம் கோடி மதிப்பு என்று கணக்குப் போட ஆள் இருந்தது, ‘ஒரு தரம்’ சொல்ல ஆள் இல்லை.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நல்ல பெயர் இருக்கிற கடைக்கு நாலு ரூபாய் கூடக் கொடுத்து நானும்தான் போகிறேன். ஆனால் அந்த நாலு ரூபாயை அம்பத்தேழு வருஷத்துக்குப் பெருக்கி, கூட்டி, கழித்து, புள்ளி வைத்து, ‘இதுதான் விலை’ என்று ஒருவர் வந்து நின்றால், வாங்கினது யார் என்று கேட்க வேண்டும். 153.3-ஐ யாரும் கொடுத்ததில்லை. 33.5-ஐயும் கொடுத்ததில்லை, 29.5-ஐயும் கொடுத்ததில்லை.

அந்த 25 பவுண்டைக் குறித்து வைத்தீர்கள் அல்லவா? இவ்வளவு நேரம் நாம் பார்த்த எண்களிலேயே, பெயருக்காக மட்டும் ஒருவர் பையிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்த காசு அது ஒன்றுதான்.